நிழலில் நீலம்: ப்ளூ ஜிஞ்சர் வளர்க்க முழுமையான வழிகாட்டி

நீலப் பூ என்றதும் நமக்குச் சங்குப்பூதான் நினைவுக்கு வரும். அதற்கு வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் கொடி நீளுமே தவிர பூ வராது. ஹைட்ரேஞ்சியா ஊட்டி, கொடைக்கானல் பக்கம் கொத்துக் கொத்தாகப் பூக்கும், சமவெளிக்குக் கொண்டுவந்தால் ஒரு கோடையைத் தாண்டாது. குறிஞ்சியை விட்டுவிடலாம்: 2018-ல் பூத்த நீலக்குறிஞ்சி மறுபடி பூக்கப் பன்னிரண்டு வருடம், அதுவும் திறந்த மலைச்சரிவில். சரி, மாமரத்தடியிலும் வீட்டுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் இடையே உள்ள சந்திலும் நீலமாக எதை வைப்பது?

என் பதில் ப்ளூ ஜிஞ்சர். தாவரவியல் பெயர் டைகோரிசாண்ட்ரா தைர்சிஃப்ளோரா. பெயரில்தான் இஞ்சி, குடும்பம் வேறு: மழைக்குப் பிறகு வயல் வரப்பில் நீலமாகப் பூக்கிறதே கானாவாழை, அதன் உறவு இது. சொந்த ஊர் பிரேசிலின் தென்கிழக்கில் உள்ள அட்லாண்டிக் மழைக்காடு. 1817-ல் ஆஸ்திரிய அறிவியல் பயணக் குழுவோடு பிரேசிலுக்குப் போன யோஹான் கிறிஸ்டியன் மிகான் என்பவர்தான் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். ஆளுயரத்துக்குக் கரும்பு மாதிரி கணுக்களோடு தண்டுகள் எழும்பும். ஒரு சாண் நீளத்துக்கும் மேலான பளபளப்பான இலைகள் தண்டைச் சுற்றிச் சுற்றி அமையும். உச்சியில் ஊதா கலந்த அடர்நீலத்தில் கொத்துப் பூ. ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் வருடக்கணக்கில் அதே இடத்தில் தூர் கட்டிக்கொண்டு வரும்.

இந்தச் செடி போய்விட்டது என்று சொல்கிறவர்களைக் கேட்டால், "நிழல்லதானே வச்சேன்" என்பார்கள். நிழல் சரிதான். ஆனால் மழைக்காட்டு நிழல் என்பது ஈரமான நிழல். நம் ஊர் நிழல் பெரும்பாலும் காய்ந்த நிழல்: மேலே கூரை, கீழே மரத்து வேர், பக்கத்திலிருந்து வறண்ட காற்று. கீழே சொல்லப்போகிற வேலைகள் எல்லாம் அந்தக் காய்ந்த நிழலை ஈர நிழலாக்கும் வேலைகள்தான்.

இடம்: வடக்குச் சுவரை நம்பாதீர்கள்

தோட்டக்கலைப் புத்தகங்களில் "வடக்குப் பக்கம் நிழல்" என்று இருக்கும். அது குளிர்நாட்டுக் கணக்கு. தமிழ்நாடு ஏறக்குறைய 8 முதல் 13.5 டிகிரி வடக்கு அட்சரேகைக்குள் இருக்கிறது. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அப்புறம் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை மதிய நேரத்தில் உச்சிக்குச் சற்று வடக்கேதான் நிற்கும். கன்னியாகுமரியில் இது ஏப்ரல் முதல் பாதியிலேயே தொடங்கி செப்டம்பர் தொடக்கம் வரை நீளும். அதாவது ஜனவரியில் பார்த்து "அருமையான நிழல்" என்று நீங்கள் தேர்ந்தெடுத்த வடக்குச் சுவர் ஓரம், மே மாதம் மதியம் நேர் வெயிலில் கிடக்கும். மே வெயிலில் ப்ளூ ஜிஞ்சர் இலை ஒரே நாளில் வெளுத்து, அடுத்த நாள் காகிதம்போல் காய்ந்துவிடும்.

சிறந்த இடம் வீட்டின் கிழக்குப் பக்கம். காலை ஒன்பது, ஒன்பதரை வரை இளவெயில் படும், அதன்பின் வீடே நிழல் தரும். மேற்குப் பக்கம் வேண்டாம். தெற்குப் பக்கம் கோடையில் பரவாயில்லை, மார்கழி தை மாதங்களில் வெயில் சாய்வாக உள்ளே வரும். அந்த வெயிலில் சூடு குறைவு, செடி தாங்கிக்கொள்ளும். வடக்குப் பக்கம்தான் இருக்கிறது என்றால் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை மேலே 50 சதவீதப் பச்சை நிழல்வலை கட்டுங்கள். 75 சதவீத வலை வேண்டாம், அதில் செடி பிழைக்கும், பூ குறையும்.

வெளிச்சம் போதுமா என்று பார்க்கக் கருவி எதுவும் தேவையில்லை. மதியம் பன்னிரண்டு மணிக்கு அந்த இடத்தில் தரைக்கு ஒரு முழம் மேலே கையை விரித்துப் பிடியுங்கள். விரல் விரலாக வெட்டினாற்போல் நிழல் விழுந்தால் வெயில் அதிகம். நிழலே தெரியவில்லை என்றால் இருட்டு அதிகம். ஓரம் கலங்கலாக, கை என்று அடையாளம் தெரிகிற அளவுக்கு நிழல் விழுந்தால் அதுதான் இடம். இந்தச் சோதனையை ஒரு தடவை மே மாதத்திலும் செய்து பாருங்கள்.

மரத்தடி என்றால் எந்த மரம் என்பது முக்கியம். மாமரம், சப்போட்டா, பலா எல்லாம் நல்ல நிழல். தென்னையின் உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மரத்தைச் சுற்றி இரண்டு மீட்டருக்குள் மேல்மண்ணில் பின்னிக் கிடக்கும்; அதற்குள் நட்டால் நீங்கள் ஊற்றும் தண்ணீர் தேங்காய்க்குத்தான் போகும். இரண்டு மீட்டர் தள்ளி நடுங்கள், அல்லது பெரிய தொட்டியில் வைத்துத் தொட்டியையே மண்ணில் பாதி புதையுங்கள். முருங்கை மரத்தடி வேண்டவே வேண்டாம். நிழல் பிரச்சினை இல்லை, கம்பளிப்பூச்சி சீசனில் செடிக்குப் பக்கத்தில் போக முடியாது.

காற்றையும் பாருங்கள். கோயம்புத்தூர், பொள்ளாச்சி, தென்காசிப் பக்கம் ஆடிக்காற்று அடிக்கும் திசையில் சுவரோ வேலியோ மறைப்பாக இருக்க வேண்டும். மாடியில் வளர்க்கிறவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. நிழல்வலைக்குக் கீழே வைத்தாலும் மாடியின் அனல்காற்று இலையில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும். முதல் மாடி பால்கனி, அதுவும் கிழக்குப் பார்த்தது என்றால் தாராளமாக வைக்கலாம்.

எந்த ஊருக்கு ஒத்துவரும்

கன்னியாகுமரி, குற்றாலம், வால்பாறையின் தாழ்வான பகுதிகள், ஏற்காடு, கொல்லிமலை போன்ற இடங்களில் பெரிய கவனிப்பு இல்லாமலே வரும். சென்னை, புதுச்சேரி, கடலூர், தஞ்சைப் பகுதிகளில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் வளர்த்துவிடலாம். பிரச்சினை ஏப்ரல் முதல் ஜூன் வரைதான். மதுரை, திருச்சி, விருதுநகர், வேலூர்ப் பக்கம் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். ஊட்டியில் டிசம்பர், ஜனவரி உறைபனி தண்டைத் தரையோடு கருக்கிவிடும். வேர்க்கிழங்கு பிழைத்தால் மறுபடி துளிர்க்கும், ஆனால் பூக்கும் உயரம் வருவதற்குள் அடுத்த குளிர் வந்துவிடும். அங்கே இருப்பவர்கள் ஹைட்ரேஞ்சியாவோடு இருப்பதே மேல். அங்குள்ள புளிப்பு மண்ணில் அதுவே நீலமாகத்தான் பூக்கிறது.

வாங்கும்போது

நர்சரியில் "ப்ளூ ஜிஞ்சர்" என்றே கேளுங்கள். அதே பெயரில் அரத்தைக் கிழங்கையும் சில இடங்களில் விற்பார்கள், சிங்கப்பூர், மலேசியாக் கடைகளில் அந்தப் பெயருக்கு அர்த்தமே அதுதான். இன்சுலின் செடியும் சுருள் சுருளாக இலை விடுவதால் பார்வைக்குக் கிட்டத்தட்ட இதே மாதிரி இருக்கும். அதன் பூ ஆரஞ்சு நிறம். இரண்டும் பூ இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நர்சரிக்காரரே சில சமயம் குழம்புவார். அதனால் பூக்கும் பருவத்தில் போய், பூவோடு இருக்கும் செடியைப் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு. ஒரு தண்டு மட்டும் இருக்கும் உயரமான செடியைவிட, குட்டையாக இருந்தாலும் அடியிலிருந்து மூன்று நான்கு தண்டு கிளம்பியிருக்கும் செடியை எடுங்கள். தண்டின் அடிப்பகுதியை லேசாக அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருக்க வேண்டும். இன்னொன்று: பெயரில் இஞ்சி இருக்கிறது என்பதற்காக யாரும் டீயில் தட்டிப் போட வேண்டாம். இது பூச்செடி மட்டும்தான்.

மண்

இலைமட்கு நிறைந்த, ஈரத்தைப் பிடித்துவைக்கிற, ஆனால் தண்ணீர் தேங்காத மண் வேண்டும். லேசான புளிப்புத் தன்மை இருந்தால் நல்லது. தொட்டிக்கான கலவை: செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய இலைமட்கு இரண்டு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. தொட்டி 14 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. குரோ பேக் என்றால் 15-க்கு 15.

நார்க்கழிவைக் கட்டியாக வாங்கியதும் அப்படியே கலந்துவிடாதீர்கள். தேங்காய் மட்டையில் இயல்பாகவே உப்பு உண்டு. வாளியில் ஊறவைத்து, பிழிந்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடி ஊறவைத்துப் பிழியுங்கள். முதல் தண்ணீர் டீ டிகாஷன் நிறத்தில் வரும், இரண்டாவது வெளிறும். இந்தச் செடி உப்பைத் துளியும் தாங்காது என்பதால் இந்த வேலையைத் தவிர்க்க முடியாது.

தரையில் நடுவதென்றால் ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, எடுத்த மண்ணில் பாதியோடு இலைமட்கும் மக்கிய தொழுவுரமும் கலந்து நிரப்பினால் போதும். கடற்கரை மணலில் மட்கின் பங்கைக் கூட்டுங்கள். கரிசல் மண்ணில் குழி வெட்டினால் மழைக்குக் கிணறாகிவிடும். அங்கே முக்கால் அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு அதில் நடுங்கள். சுண்ணாம்பு அதிகமுள்ள மண்ணிலும், உப்பேறிய போர் தண்ணீர் பாயும் இடத்திலும் புது இலை நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடம் மஞ்சளாக வரும். அது இரும்புச்சத்து கிடைக்காத அடையாளம். உரக்கடையில் கிடைக்கும் செலேட் செய்த (செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவிலான) இரும்பை, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் இலைமேல் தெளித்தால் தேறும்.

நடவு

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது இதற்கும் பொருந்தும். கடலோர, உள் மாவட்டங்களில் ஆடி, ஆவணியில் மாலை மழை கிடைக்கும், வெயிலும் தணிந்திருக்கும். ஐப்பசி அடைமழைக்கு முன் வேர் பிடிக்க இரண்டு மூன்று மாதம் இருக்கிறது. மேற்கு மாவட்டங்களிலும் குமரியிலும் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் ஜூனிலேயே நடலாம். பங்குனி, சித்திரையில் நர்சரியில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவிட்டால் தரையில் வைக்காமல், பையோடு நிழலில் வைத்துத் தண்ணீர் காட்டிக் காத்திருங்கள்.

பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நடுங்கள். தண்டைப் புதைத்தால் அழுகும். செடிக்குச் செடி மூன்றடி விடுங்கள். முதல் வருடம் இடைவெளி அதிகமாகத் தெரியும், மூன்றாவது வருடம் போதாது என்று தோன்றும். நட்டதும் நிதானமாக ஒரு குடம் தண்ணீர். அப்புறம் மூடாக்கு: மாவிலை, வேப்பிலை, காய்ந்த வாழைச்சருகு, எது கிடைக்கிறதோ அதை மூன்று விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். தண்டை ஒட்டி மட்டும் ஒரு சாண் வட்டம் காலியாக இருக்கட்டும். மழைக்காட்டில் தரையில் எப்போதும் கிடக்கும் இலைச்சருகுக்கு ஈடு இது. தினமும் வாசல் பெருக்கிக் குப்பையில் போடும் சருகை இங்கே போடுங்கள்.

தண்ணீர்

எவ்வளவு ஊற்றுவது என்பதைவிட எந்தத் தண்ணீர் என்பது பெரிய கேள்வி. இலை நுனி மட்டும் பழுப்பாகக் கருகி, அந்தக் கருகல் மெல்ல ஓரமாக உள்ளே போகிறதென்றால் பத்தில் எட்டு தடவை காரணம் உப்புத் தண்ணீர். வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று பலர் செடிக்கு ஊற்றுகிறார்கள். அந்தத் தண்ணீரில் உப்பு வழக்கத்தைவிடச் செறிவாக இருக்கும். பாத்ரூம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள், இந்தச் செடிக்கு வேண்டாம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் நேர்மாறு. காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து வருவதால் அதில் உப்பே கிட்டத்தட்டக் கிடையாது. கோடையில்தான் ஏசி அதிகம் ஓடுகிறது, கோடையில்தான் செடிக்கும் தண்ணீர் தேவை. குழாய் முனையில் ஒரு வாளி வைத்துவிடுங்கள். போர் தண்ணீரை விட்டால் வேறு வழியில்லை என்றால், மாதம் ஒருமுறை தொட்டியின் அடித்துளை வழியாக நன்றாக வடியும்படி நல்ல தண்ணீரை ஊற்றி உப்பைக் கழுவி இறக்குங்கள்.

கோடையில் தொட்டிக்குத் தினமும் காலையில், தரைச்செடிக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள். மூடாக்கை விலக்கி இரண்டாவது கணு வரை விரலை மண்ணில் விடுங்கள்; ஈரம் பட்டால் அன்றைக்கு வேண்டாம். மதியம் இலை லேசாகத் தொங்கி, மாலையில் தானே நிமிர்ந்தால் பயப்பட ஒன்றுமில்லை. காலையிலும் தொங்கினால்தான் தண்ணீர்க் குறை. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் தண்ணீரை நிறுத்துங்கள், தொட்டிக்கு அடியிலுள்ள தட்டை எடுத்துவிடுங்கள். வேரும் அழுகாது, டெங்குக் கொசுவும் பெருகாது.

உரம்

செடி வளர்கிற மாதங்களில், அதாவது ஜூன் முதல் செப்டம்பர் வரை, மாதம் இரண்டு கைப்பிடி மண்புழு உரம். இதுவே போதும் என்பது என் கருத்து. வேகம் வேண்டும் என்பவர்கள் தழை, மணி, சாம்பல் சத்துகள் மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு 2 கிராம் கரைத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாம். யூரியா, கடலைப்புண்ணாக்குக் கரைசல் என்று தழைச்சத்தாகக் கொட்டினால் தண்டு மளமளவென்று ஏறி, பூ எடை தாங்காமல் சாயும். தண்டு இடுப்புயரம் தாண்டியதும் சாம்பல்சத்து பக்கம் போங்கள்: பொட்டாசியம் சல்பேட் லிட்டருக்கு 2 கிராம், இரண்டு தடவை. வாழைப்பழத்தோல் ஊறிய தண்ணீரில் பூ குலுங்கும் என்று வீடியோக்களில் சொல்வதை நான் பெரிதாக நம்புவதில்லை. தோலை மட்க வைத்துப் போடுவது உருப்படியான காரியம். அடுப்புச் சாம்பல் மண்ணைக் காரமாக்கும், அதைத் தவிருங்கள்.

பூ

பதியன் போட்ட செடி பெரும்பாலும் இரண்டாவது வருடம் பூக்கும். மழைக்காலத்தை ஒட்டி, ஊரைப் பொறுத்து ஆவணி முதல் மார்கழி வரை எதிர்பார்க்கலாம். தண்டின் உச்சியில், கடைசி இலைகளுக்கு நடுவில், பச்சையும் ஊதாவுமாக மொட்டுக் கொத்து எட்டிப் பார்க்கும். ஒவ்வொரு பூவுக்கும் மூன்று இதழ், அடியில் வெள்ளைத் திட்டு, நடுவில் தடித்த மஞ்சள் மகரந்தப் பைகள். ஒரு பூவின் ஆயுள் ஒரு நாள்தான், ஆனால் கீழிருந்து மேலாக அடுத்தடுத்து விரிவதால் ஒரு கொத்து வாரக்கணக்கில் நிற்கும். மகரந்தப் பை முழுதாகப் பிளக்காது. சின்னத் துளை வழியாகத்தான் மகரந்தம் உதிரும். தக்காளி, கத்தரிப் பூவில் செய்வதுபோலவே தேனீ உடம்பை அதிரவைத்துத்தான் அதை எடுக்க வேண்டும். காலையில் பக்கத்தில் நின்றால் அந்த ரீங்காரம் விட்டு விட்டுக் கேட்கும்.

பூ நுனியில் மட்டும்தான் வரும் என்பதை மறக்காதீர்கள். செம்பருத்தியை நுனி கிள்ளிப் படரவிடுவதுபோல் இதைக் கிள்ளினால் அந்தத் தண்டின் பூ அந்த வருடத்துக்குப் போயிற்று. தண்டு சாய்கிறது என்றால் வெட்டாமல், மூங்கில் குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். அடைமழையில் கொத்து தண்ணீரைக் குடித்துக் கனக்கும், எனவே குச்சியை மழைக்கு முன்பே நட்டுவிடுவது நல்லது.

பக்கத்தில் என்ன வைக்கலாம்? தனியாக நின்றால் இந்த நீலம் நிழலுக்குள் அமுங்கிப்போகும். வெள்ளை பீஸ் லில்லி, வெள்ளை வரி ஓடும் கலேடியம், பெரணி ஆகியவற்றை அடியில் பரப்பினால் எடுத்துக்காட்டும். கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் இருக்கிற ஓரத்தில் மஞ்சள் லாலிபாப் செடி வைத்தால் இன்னும் எடுப்பு.

பூத்து முடிந்ததும்

தை பிறந்ததும் பூத்து முடிந்த தண்டுகளைத் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். பூக்காத இளந்தண்டுகளைத் தொடாதீர்கள், அடுத்த சீசன் அவற்றில்தான் இருக்கிறது. கோடைக்குள் செடி கொஞ்சம் சோர்ந்து நிற்கும், சில இலை உதிரும். அது ஓய்வு. இப்போது உரம் போட்டு எழுப்பப் பார்க்க வேண்டாம், மூடாக்கும் ஈரமும் போதும்.

வரக்கூடிய தொல்லைகள்

மழைக்காலத்தில் பெரிய ஆப்பிரிக்க நத்தை. இரவு எட்டு மணிக்கு மேல் டார்ச்சோடு போய், கையுறை போட்டுப் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுவதுதான் நிச்சயமான வழி. முட்டைக்கோஸ் இலையைத் தரையில் போட்டால் அதன் அடியில் வந்து கூடும், பொறுக்குவது சுலபம். உப்பைச் செடியைச் சுற்றித் தூவாதீர்கள். நத்தை சாகும், கூடவே செடியும்.

இலைக் கக்கத்தில் பஞ்சு மாதிரி வெள்ளையாகத் தெரிந்தால் மாவுப்பூச்சி. தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, மாலையில் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயோடு சில துளி சோப்புக் கரைசல் கலந்து வாரம் ஒருமுறை தெளியுங்கள். கோடையில் இலை மேல்புறம் தூசு படிந்ததுபோல் வெளிறி, அடியில் மெல்லிய வலை தெரிந்தால் சிலந்திப்பேன். மருந்தைவிட, இலையின் அடிப்புறம் நனையும்படி காலையில் தண்ணீர் தெளிப்பதே இதற்குச் சிறந்தது. தண்டின் அடி பழுப்பாகி நெகிழ்ந்தால் அழுகல். அந்தத் தண்டை அடியோடு வெட்டி எறிந்து, மண்ணைக் காயவிட்டு, டிரைக்கோடெர்மா விரிடி (அழுகலைக் கட்டுப்படுத்தும் நன்மை செய்யும் பூஞ்சை) கலந்த தொழுவுரம் போடுங்கள். அழுகல் பரவியிருந்தால் செடியைக் காப்பாற்ற முயலாமல், நல்ல தண்டுகளை வெட்டிப் பதியன் போட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

ஒன்றைப் பலவாக்க

தை மாதம் வெட்டிய தண்டுகளை எறியாதீர்கள். விரல் பருமனுள்ள கெட்டியான பகுதியை, இரண்டு மூன்று கணு வருமாறு நறுக்குங்கள். இலைகளைக் களைந்து, மேல் இலை ஒன்றைப் பாதியாக வெட்டி விடுங்கள். கழுவிய நார்க்கழிவும் ஆற்று மணலும் சமமாகக் கலந்த தட்டில் ஒரு கணு புதையுமாறு செருகுங்கள். ஊன்றும் திசை முக்கியம், தண்டின் அடிப்பக்கம்தான் கீழே போக வேண்டும். குழப்பமாக இருந்தால் தண்டைப் படுக்கவைத்துப் பாதி புதைத்தாலும் கணுவிலிருந்து துளிர்க்கும். மேலே ஒரு பாலித்தீன் பையைக் கவிழ்த்து நிழலில் வையுங்கள். சுமார் ஒரு மாதத்தில் கணுவில் வெள்ளை வேர் வரும். பையைச் சில நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்கிய பிறகு தனித் தொட்டிக்கு மாற்றலாம். ஆடிக்குள் நடவுக்குத் தயாராகிவிடும்.

தூர் பெருத்த பழைய செடியை மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை பிரித்து நடலாம். கோடை முடிந்து முதல் மழை பெய்ததும், புதுக் குருத்துகள் தலைகாட்டும் சமயத்தில் செய்யுங்கள். சுற்றிலும் மண்வெட்டியால் அகலமாக வெட்டித் தூக்கினால், வேரில் ஆங்காங்கே கிழங்குபோல் தடித்திருப்பதைக் காணலாம். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு குருத்தும் கொஞ்சம் அந்தத் தடித்த வேரும் இருக்குமாறு கத்தியால் அறுத்து, வெட்டுவாய் காய அரை நாள் நிழலில் போட்டு, அன்று மாலையே நட்டுவிடுங்கள். பழைய இடத்திலேயே ஒரு துண்டைத் திருப்பி நடுவதென்றால் குழி மண்ணில் பாதியை மாற்றிப் புது இலைமட்கு நிரப்புங்கள்.